புறாமலைக்கு யாருடைய வள்ளத்தில் போவது?

ஆடி, ஆவணி மாதங்களில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் ஊருக்கு வரத் தொடங்கினால் என் கைப்பேசிக்கு ஓய்வில்லை. கோணேசர் கோயில், கன்னியா, புறாமலை மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் யாழ்ப்பாணம் புறப்படுவார்கள். முதலிரண்டுக்கும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. புறாமலைக்கு மட்டும், "ரீச்சர், ஆரின்ட போட்டில போறது நல்லம்?" என்று கேட்பார்கள். நிலாவெளிக் கரையில் வாகனத்தை விட்டு இறங்கியதும் நாலு பக்கத்திலிருந்தும் கூப்பிடுவார்கள் அல்லவா! எல்லோரும் அதே கடலைத்தானே காட்டப்போகிறார்கள் என்று நினைத்து, விலை குறைத்தவரோடு ஏறிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

திருகோணமலையில் வரலாறும் புவியியலும் படிப்பித்தவள் நான். இதைச் சின்னக் கேள்வியாக எடுக்க என்னால் முடிவதில்லை. இந்தத் துறைமுக ஊருக்கு வந்தவர்களை ஒரு பகற்பொழுதுக்குள் அழைத்துப்போய்க் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விட்டவர்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவர்களில் நல்லவர்கள் யாரும் வழிகாட்டித் தொழிலுக்கென்று வந்தவர்கள் இல்லை. கோயிலில் பூசை செய்தவர், மாட்டுவண்டி ஓட்டியவர், கரைவலை இழுத்தவர் என்று ஏதோ ஒரு வேலையால் அந்த இடத்தோடு கட்டுண்டிருந்தவர்கள். என் பதில் அந்த வரலாற்றுக்குள்தான் இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வர்த்தமானியில் அது பிஜியன் தீவுத் தேசியப் பூங்கா. எங்கள் வாயில் புறாமலை. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றர் தள்ளிப் பெரிதும் சிறிதுமாக இரண்டு பாறைத் தீவுகள். மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் குஞ்சு பொரிக்கின்றன. பெரிய தீவே சுமார் 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும்தான். அதாவது 2 ஹெக்டேயர் தேறினால் அதிகம். ஆனால் பூங்காவின் பரப்போ 471 ஹெக்டேயர். மிச்சமெல்லாம் தண்ணீர். மலையைப் பார்க்கவென்று போகிறவர் உண்மையில் போவது கடலுக்குள் இருக்கும் ஒரு பூங்காவுக்கு. அதன் செல்வம் முருகைக்கல். திருகோணமலைப் பகுதியில் பதிவான சுமார் 100 வகை முருகைக்கற்களிலும் 300 வகை மீன்களிலும் பெரும்பாலானவை இங்கே இருக்கின்றன. கருமுனைச் சுறாக்கள் குஞ்சும் தாயுமாக ஆழங்குறைந்த பக்கத்தில் திரியும். பேராமையும் அழுங்காமையும் வந்துபோகும்.

மலைநாட்டுப் பூங்காவில் யாரோடு போவது என்ற சிக்கல் இல்லை. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றிவர அங்கே ஒன்பது, பத்துக் கிலோமீற்றர் வட்டப்பாதை இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாக்களில் பிள்ளைகளை விடியற்காலையில் அந்தப் பாதையில் விட்டால், மூடுபனி வந்தாலும் பாதை பாதையாகவே இருக்கும். மலைநாட்டுப் பழம்பாறைத் தொடர் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கடலைத் தொடுவது எங்கள் ஊரில்தான். வகுப்பில் படம் கீறிக் காட்டும்போது இதைச் சொல்ல எனக்கு ஒரு பெருமை. கடலைத் தொட்ட இடத்தில் பாதை முடிந்துவிடுகிறது. இனி வள்ளக்காரரின் கண்தான் பாதை.

ஆட்களைக் கூட்டிப்போகும் வழக்கம் இங்கே கோணேசர் கோயில் இருக்கும் கோணமலையில் தொடங்குகிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். தூண்களில் சில கடலுக்குள் போயின. ஒல்லாந்தர் 1639இல் கோட்டையைப் பிடித்தார்கள், ஆங்கிலேயர் 1795இல் பிடித்தார்கள். கோயில் இல்லாமற் போன பிறகும் சனம் அந்தப் பாறைக்குப் போவதை விடவில்லை. கோட்டைக் காவலைத் தாண்டி, குருக்களின் பின்னால் நடந்து, பாறை விளிம்பில் நின்று கடலைப் பார்த்துப் பூவும் பழமும் போட்டு வணங்கிவிட்டுத் திரும்பினார்கள். ஆங்கிலேய அதிகாரிகள் அதை வேடிக்கை பார்த்து எழுதியும் வைத்திருக்கிறார்கள். எங்கே நிற்கலாம், எந்த விளிம்பில் காலை வைக்கக்கூடாது என்று குருக்கள் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை. கட்டடம் ஒன்றுமில்லாத இடத்துக்கு இத்தனை தலைமுறைகளாக வழி மறக்காமல் வைத்திருந்தவர்கள் அவர்கள். இந்த ஊரின் முதல் வழிகாட்டிகளாக நான் மதிப்பது அவர்களைத்தான்.

கன்னியா வேறு மாதிரி. நகரத்திலிருந்து அனுராதபுர வீதியில் ஒரு காலைப் பயணத் தூரம். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாய்க்குக் கடன் செய்ய இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். அதனால்தான் இறந்தவர்களுக்கான கிரியையை அங்கே செய்யும் வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. வேதியியலாளர் ஹம்பிரி டேவியின் தம்பியும் இராணுவ வைத்தியருமான ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இந்த ஊற்றுகளும் வருகின்றன. வெள்ளைக்காரர் வெப்பமானியோடு வந்தார். எங்கள் ஆட்கள் எள்ளும் தர்ப்பையுமாக வந்தார்கள். இரண்டு கூட்டத்தையும் கொண்டுபோனது வண்டிக்காரர்தான். புகையிரதம் திருகோணமலைக்கு வந்ததே 1927இல். அதுவரை காட்டுவழியில் எந்தக் குளத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம், யானை எந்த நேரத்தில் தெருவைக் கடக்கும் என்பதையெல்லாம் தெரிந்தவரின் வண்டியில்தான் குடும்பத்தோடு ஏறினார்கள்.

கரையிறங்கி மாட்டிக்கொண்டவர்களின் கதையும் எங்கள் குடாவில் உண்டு. 1659 நவம்பரில் புயலில் பாய்மரம் ஒடிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. மூதூர்ப் பக்கம் கரையிறங்கிய கப்டன் ரொபேர்ட் நொக்ஸ் ஒரு புளியமரத்தடியில் இருந்தபோது கண்டி மன்னன் இராஜசிங்கனின் ஆட்கள் வந்து மரியாதையாகப் பேசி அழைத்தார்கள். அவரும் அதே பெயருடைய மகனும் மற்றவர்களுமாகப் பதினாறு பேர் மலைநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தகப்பன் 1661இல் அங்கேயே செத்தார். மகன் 1679இல்தான் தப்பி அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் வெளியிட்ட நூலால்தான் அக்காலத்துக் கண்டி நாட்டின் உழவும் ஊணும் நமக்குத் தெரியவருகின்றன. இந்தப் பாடத்தைப் படிப்பிக்கும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளையாவது, "அழைச்சது ஆரெண்டு கேக்காமலே போனவையா ரீச்சர்?" என்று கேட்கும். நல்ல கேள்வி.

புறாமலைக்கு வருகிறேன். குடியேற்றக் காலத்தில் அந்தத் தீவைச் சுடுபயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கு இன்னமும் வயிறு எரியும். உலகத்தின் ஆகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று எங்கள் துறைமுகத்தைப் புகழ்ந்தவர்கள், அதற்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் புறா குஞ்சு பொரித்த பாறையைக் குறிப்பலகையாகப் பார்த்தார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்தது. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனது.

அதற்கு முந்திய ஆண்டு, 1956இல், ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணமலைக்குக் கீழே மூழ்கிப் பழைய கோயிலின் செதுக்குக் கற்களைக் கண்டார்கள். உலகம் அதைக் கண்டுபிடிப்பு என்றது. அங்கே கோயிற் கல் கிடக்கிறது என்பது எங்கள் ஊரில் வாய்வழியாக வந்த செய்தி. அவர்கள் செய்த பெரிய உதவி அதை எல்லோர் கண்ணுக்கும் காட்டியது. மைக் வில்சனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அந்த மனிதர் பின்னாளில் சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு துறவியானார். பார்க்க வந்த இடம் ஆளையே எடுத்துக்கொண்டது! 1963இல் மீளக் கட்டிய கோணேசர் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. அதே 1963இல்தான் புறாமலையும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரண்டும் ஓராண்டில் நடந்ததை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. நான் எப்போதும் சேர்த்துத்தான் சொல்வேன்.

எழுபதுகளில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்கள் எழுந்தன. ஐரோப்பியர் வரத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பெரியப்பா வழியாகத்தான். அவர் நிலாவெளியில் கரைவலைச் சம்மாட்டி. விடியப்புறம் வலை வளைத்து, அம்பாப் பாட்டோடு கயிறு இழுத்து, மீனைப் பங்கிட்டு அனுப்பிய பிறகுதான் வள்ளத்தில் ஆட்களை ஏற்றுவார். முதலில் கச்சானின் போக்கைப் பார்ப்பார். வைகாசி முதல் புரட்டாதி வரை எங்கள் கரை அமைதியானது என்று புத்தகத்தில் படிக்கிறோம், அது உண்மைதான். ஆனால் அந்த மாதங்களிலும் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் வெயில் ஏறினால் பலக்கும். காலையில் தீவுக்குப் போவது சுகம். பின்னேரம் காற்றுக்கு எதிரே கரைக்குத் திரும்புவதுதான் பாடு. "போற கடலைப் பாக்காத பிள்ளை, வாற கடலைப் பார்" என்பார் பெரியப்பா. வெள்ளைக்காரர் இரட்டிப்புக் காசு நீட்டினாலும் வெயில் உச்சிக்கு வந்த பிறகு வள்ளம் இறக்கமாட்டார். வாடைக்காற்றுக் காலத்தில் வள்ளம் மேட்டில் கவிழ்ந்து கிடக்கும். அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. தச்சரைக் கொண்டு பலகையில் அடித்து, அடியில் கண்ணாடி பதித்து, ஓரமெல்லாம் தார் பூசிய பெட்டி. அதைத் தண்ணீரில் பாதி அமிழ்த்திக் குனிந்து பார்த்தால் கீழே முழு உலகமும் தெரியும். ஹிக்கடுவையில் கண்ணாடி அடித்தளப் படகுகள் அப்போது பேர்போனவை. பெரியப்பாவுக்கு அந்த வசதி இல்லை. பெட்டி போதும் என்றார். நீந்தத் தெரியாத பெரியம்மாவும் சேலை உடுத்த அத்தைமாரும் அதன் வழியாகத்தான் முருகைக்கல்லைப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். மான்கொம்புபோல் கிளைத்தவை, பலகைபோல் விரிந்தவை, அவற்றுக்கிடையே நீலமும் மஞ்சளுமாக மீன். யாரும் கடலில் இறங்கவில்லை, எதையும் மிதிக்கவில்லை. நங்கூரம் போடும்போது பெரியப்பா மணல் இருக்கும் இடத்தைத் தேடித் தேடிச் சுற்றுவார். "கல்லில போட்டா மீன் ஆரிட்ட வரும்?" என்பார். அவருடைய வலைக்கு வரும் மீன் அந்தக் கல்லுக்குள் வளர்கிறது என்று அவருக்குத் தெரியும். சட்டம் அவருக்குத் தேவைப்படவில்லை.

1983 ஆடிக்குப் பிறகு வெள்ளைக்காரர் வரவு நின்றது. ஹோட்டல்கள் வெறித்தன. கடலுக்குப் போகும் நேரமும் தூரமும் கடற்படையின் அனுமதியைப் பொறுத்தவையாயின. ஊர்கள் பெயர்ந்தன, திரும்பின, மறுபடி பெயர்ந்தன. 1998இல் கடல் சூடேறித் தெற்கிலும் மேற்கிலும் முருகைக்கற்கள் வெளிறிச் செத்தன. ஹிக்கடுவையின் தோட்டம் பாழானது. எங்கள் பக்கத்துக் கற்கள் பெருமளவில் தப்பின. தப்பியதைப் போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை. 2002இன் யுத்தநிறுத்தத்தில் மூச்சு வந்தது. 2003இல் புறாமலை நாட்டின் 17ஆவது தேசியப் பூங்காவானது. அடுத்த ஆண்டு மார்கழி 26, சுனாமி. வள்ளமும் வலையும் வீடும் போயின, ஆட்களும் போனார்கள். அந்தக் காலையைப் பற்றி எழுத இது இடமில்லை. 2006இல் மூதூர்ப் பக்கம் மறுபடி போர்.

நான் கவனிக்கச் சொல்வது சுனாமிக்குப் பின் நடந்த ஒன்றை. உதவி நிறுவனங்கள் பைபர் போட்டுகளை அள்ளிக் கொடுத்தன. பழைய கடற்றொழிலாளிக்கும் கிடைத்தது. கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்தவருக்கும் கிடைத்தது. 2009இல் போர் முடிந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் வழியில் புறாமலையும் ஒரு தரிப்பிடமானது. போட்டு இருந்தவரெல்லாம் வழிகாட்டியானார். இதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. இருபத்தைந்து வருடம் வருமானமில்லாமல் இருந்த கரை அது. ஆனால் அந்த முதல் சில ஆண்டுகளில் முருகைக்கல் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. நீந்தத் தெரியாதவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கல்லின்மேல் ஏறி நின்று படம் எடுத்தார்கள். அது உயிர் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. கிளை முருகைக்கல் ஆண்டுக்குச் சில அங்குலம்தான் வளரும்; கட்டி முருகைக்கல் அதைவிட மெல்ல, ஒரு விரல் அகலம்கூட வராது. ஒரு காலால் நொறுங்குவது ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும் காலத்துக்குள் திரும்பி வளர்ந்தால் அதுவே அதிசயம்.

இன்றைக்கு நிலைமை முன்னேறியிருக்கிறது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் டிக்கெட் கவுண்டர் கரையிலேயே இருக்கிறது. அனுமதிச் சீட்டு வேறு, போட்டுக்கூலி வேறு. பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் கொண்டுபோகத் தடை. முருகைக்கல்லோ சிப்பியோ ஒரு துண்டும் எடுத்துவரக் கூடாது. சீட்டுக் கொடுப்பவர் உங்களோடு கடலுக்குள் வரப்போவதில்லை. வருகிறவர் போட்டுக்காரர்.

ஆகையால் தொலைபேசியில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விலையைக் கேட்பதற்கு முன் தொழிலைக் கேளுங்கள். "அண்ணை, சீசன் இல்லாத காலத்தில என்ன செய்யிறனீங்கள்?" என்று கேளுங்கள். "கடலுக்குத்தான்" என்று வாடிப் பக்கம் கையைக் காட்டுகிறவர் இருந்தால் அவரோடு பேசுங்கள். காற்றைப் பற்றிக் கேளுங்கள். எந்நேரமும் போகலாம் என்பவரை விட்டுவிடுங்கள். காலை ஏழு மணிக்கு வாருங்கள் என்று கட்டாயப்படுத்துபவர் உங்கள் திரும்புவழியை யோசித்துவிட்டார். உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைகளுக்கு முதலில் கட்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நங்கூரத்தை எங்கே போடுவீர்கள் என்று கேட்டால் வியப்பாகப் பார்ப்பவரும் உண்டு, சிரித்துக்கொண்டு "மணலிலதான்" என்பவரும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சுறாவைக் காட்டித் தருகிறேன் என்று உறுதி கொடுப்பவரோடு போகாதீர்கள். காட்டியே ஆகவேண்டும் என்ற அவசரத்தில்தான் மீனுக்கு இரை போடுவதும் ஆமையைத் துரத்துவதும் நடக்கின்றன.

குச்சவெளிப் பக்கத்தைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் இப்போது போட்டு ஓட்டுகிறார். தகப்பன் சங்கு குளித்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் காக்கா. எனக்கு மட்டும் இன்னமும் தம்பி. தண்ணீருக்குள் இறங்குமுன் ஆட்களை மணலில் இருத்தி, கையை விரித்து, எது கல், எது உயிர் என்று காட்டுவார். பாறை உச்சிக்கு ஏறப் பார்க்கிறவர்களைப் புறாக்கள் குஞ்சோடு இருக்கும் பக்கம் விடமாட்டார். 2022இல் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்து, ஆவணியில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது அவருடைய போட்டும் கரையில் கிடந்தது. அந்த நாட்களிலும் அவர் நண்பரோடு துடுப்புப் போட்டுத் தீவுப்பக்கம் போய் வந்தார். எதற்கு என்று கேட்டேன். "அறுந்த வலை ஏதும் கல்லில சிக்கிக் கிடந்தா ஆர் ரீச்சர் எடுக்கிறது?" என்றார். கைவிடப்பட்ட வலை முருகைக்கல்லில் மாட்டினால் மாதக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். டிக்கெட் விற்காத நாளிலும் அந்தப் பூங்காவைக் காத்தவர் அவர்.

என் ஆதங்கம் ஒன்று. இவரைப் போன்றவர்களின் அறிவு எங்கும் எழுதப்படவில்லை. எந்தக் கல் எந்த ஆண்டில் வெளிறியது, எது மீண்டது, முட்கிரீட நட்சத்திர மீன் எப்பக்கமிருந்து ஏறி வந்தது, ஆமை எந்தப் பிறைக்கு மணலில் ஏறியது எல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கின்றன. பெரியப்பாவோடு அவர் அறிந்தவை மண்ணுக்குள் போய்விட்டன. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிப் பள்ளிக்கூடங்களில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் புவியியலுக்கு ஒப்படை செய்கிறார்கள். பாதிப்பேர் இணையத்திலிருந்து எங்கோ ஒரு நாட்டின் ஆற்றைப் பற்றி எழுதிக்கொண்டு வருகிறார்கள். அவர்களைக் கொப்பியோடு இந்த வள்ளக்காரர்களிடம் அனுப்புங்கள் என்று அதிபர்களிடம் கேட்டு வருகிறேன். இரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள். திணைக்களம் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்து, கடற்றொழிலும் செய்கிற போட்டுக்காரர்களின் பெயர்களையும் அவர்கள் கடலில் இருக்கும் அனுபவத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்தால், பயணிகள் விலையைக் கேட்பதற்கு முன் அதை வாசிப்பார்கள். அடுத்த வைகாசிக்கு முன் அந்தப் பலகைக்கான கோரிக்கைக் கடிதத்தில் நிலாவெளிக் கரையின் கையெழுத்துகளை வாங்கும் வேலையைப் போட்டு ஓட்டும் அந்தப் பழைய மாணவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். கடிதத்தை எழுதுவது என் பொறுப்பு.